பேர் கேளாத மிஸ்ஸி

யாழ்ப்பாணத்தில் யாரோடு கதைக்கத் தொடங்கினாலும் முதல் கேள்வி "எவடம்?" என்பதுதான். அடுத்தது "ஆற்றை பிள்ளை?" மூன்றாவது கேள்வி வருவதற்குள் தாய் வழி, தகப்பன் வழி, எந்தக் கோயில் பங்கு, மாமன் எந்த நாட்டில் என்று எல்லாவற்றையும் கறந்துவிடுவார்கள். பல் பிடுங்கப் போனாலும் இதுதான், செத்த வீட்டுக்குப் போனாலும் இதுதான். இந்தக் கேள்விகளைக் கேட்காத ஒரேயொரு ஆளைத்தான் என் வாழ்க்கையில் கண்டிருக்கிறேன். பாலியல் நோய்க் கிளினிக்கில் ஊசி போடும் தாதியாக இருந்த மிஸ்ஸி.

அவருடைய பெயர் எனக்கும் தெரியாது. ஒல்லியான ஆள். கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். நாங்கள் உள்ளே போனதும் அதைக் கழற்றி நெஞ்சில் விடுவார். கிட்ட இருப்பது மட்டும் தெரிந்தால் போதும் என்பது போல. எங்கள் அட்டையைப் பார்ப்பார், பிறகு கையைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்கவே மாட்டார். அட்டையில் ஒரு நம்பர் மட்டும்தான் இருக்கும். யாராவது பழக்கதோஷத்தில் "மிஸ்ஸி, நான் கரவெட்டிப் பக்கம்..." என்று தொடங்கினால் உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார்.

"காணும். நம்பரைச் சொல்லும். பேர் எனக்குத் தேவையில்லை."

பத்து மணிக்கு ஒரு கதலி வாழைப்பழம் சாப்பிடுவார். அந்த நேரத்தில்கூடக் கதவைப் பாதி மூடிவிட்டு, வெளியே நீள வாங்கில் வரிசையாக இருப்பவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பார். நாங்கள் யார் யார் என்று தவறுதலாகக்கூடத் தெரிந்துவிடக் கூடாதாம். முதலில் எனக்கு இது பெரிய திமிராகத்தான் பட்டது.

நான் அங்கே போன கதை இதுதான். எனக்கு அப்போது முதல் பிள்ளை வயிற்றில். மூன்று மாதம். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் எல்லாருக்கும் எடுப்பது போல எனக்கும் இரத்தம் எடுத்தார்கள். இரண்டு கிழமை கழித்து, பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாது ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்தார். மாமி, என் மனுசனின் தாய், தேத்தண்ணி போடப் போன நேரம் பார்த்து என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், ஒட்டிய கடிதம் ஒன்றைக் கையில் வைத்தார்.

"பயப்பிடாதையும் பிள்ளை. ஒரு ரெஸ்ற் திருப்பிச் செய்யவேணும். உந்தக் கடிதத்தை வேறை ஆரிட்டையும் காட்டாதையும்."

பயப்பிடாதையும் என்று சொன்ன பிறகு யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்? குருநகரில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் மீன் பொரித்தால் ஒன்பதாவது வீட்டில் எத்தனை துண்டு என்று சொல்லுவார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளைத் தனியே அனுப்ப மாமி சம்மதிக்கவில்லை. சீனிச் சோதனை, வெறும் வயிற்றோடு நாலு மணித்தியாலம் இருக்க வேண்டும், உங்களுக்குத் தலைசுற்றும் என்று வாயில் வந்த பொய்யெல்லாம் சொல்லி, லேஞ்சியால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓட்டோவில் போனேன்.

மிஸ்ஸி சுற்றி வளைக்கவில்லை.

"சிபிலிஸ் எண்டு சொல்லுறது. பழைய ஆக்கள் மேக நோய் எண்டுவினம். கிருமி. பெனிசிலின் போட்டால் செத்துப்போகும். கிழமைக்கு ஒரு தரமாய் மூண்டு கிழமை. ஒண்டும் தவறக்கூடாது."

"பிள்ளைக்கு, மிஸ்ஸி?"

"போடாட்டில் பிள்ளை வயித்துக்குள்ளையே செத்துப்போகலாம். இல்லாட்டில் கண், காது பழுதாப் பிறக்கலாம். நேரத்துக்குப் போட்டால் அனேகமா ஒண்டும் வராது."

எனக்கு வாங்கில் இருந்த இடமே தெரியவில்லை. என்ரை மாதாவே, நான் ஒரு பிழையும் செய்யவில்லையே என்று அழத் தொடங்கினேன். எனக்கு எங்காலை வந்தது மிஸ்ஸி என்று கேட்டேன். அவர் என் கையில் சின்னதாக ஊசியால் குத்தி, மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்காலை வந்ததெண்டு ஆராய நான் பொலிஸ் இல்லை. இனி எங்கை போகப்போகுது எண்டதுதான் என்ரை கவலை. உம்மடை அவரையும் வரச் சொல்லும். அவருக்குப் போடாமல் உமக்கு மட்டும் போட்டால் திரும்ப உம்மட்டைத்தான் வரும்."

அந்த ஊசி! இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் போட்டார். சீமெந்தைக் குழைத்து உள்ளே விட்டது போல இறுகிப்போய்விட்டது. இரண்டு நாள் என்னால் கதிரையில் வடிவாக இருக்க முடியவில்லை, படுக்க முடியவில்லை. படியில் சறுக்கிவிட்டேன் என்று மாமிக்குச் சொன்னேன். மாமி நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து "எவடம் பிள்ளை, காட்டு" என்று நின்றா. ஊசித் துளை தெரிந்துவிடுமே என்று சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ மாமி, கூச்சமாயிருக்கு" என்று கத்தினேன்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு வந்த சனிக்கிழமை மாமியோடு மீன் சந்தைக்குப் போனேன். விளைமீனுக்கு மாமி விலை பேசிக்கொண்டு நின்ற நேரம், பனையோலை உமலைக் கையில் பிடித்துக்கொண்டு மிஸ்ஸி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வெள்ளை உடுப்பு இல்லை, சாதாரண நூல் சேலை. அவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தால் முடிந்தது கதை. மாமி விடமாட்டா. ஆர், எவடம், எப்பிடிப் பழக்கம் என்று தோண்டிவிடுவா.

மிஸ்ஸி என் தோளுக்கு மேலால் மீன்காரரைப் பார்த்து, "ஒட்டி என்ன விலை?" என்று கேட்டார். நான் லைற் போஸ்ற் மாதிரித்தான் அவருக்கு.

"உவ ஆர்? எங்கையோ கண்ட முகமாக் கிடக்கு" என்று மாமி என் காதுக்குள் சொன்னா.

"எனக்கெப்பிடித் தெரியும் மாமி?"

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். ஊரே அதிரும்படி ஏலம் கூறிக்கொண்டிருந்த மனிதருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கோயில் பாடகர் குழுவில் முன்னுக்கு நிற்கும் பெடியன் ஒருவன் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினான். அவன் போட்டிருந்தது றப்பர் செருப்பு. கழுத்தில் ஐந்து பவுண் சங்கிலியோடு நின்ற அக்கா ஒருத்தி நண்டுக் கூடைக்குள் தலையை விடாத குறை. எத்தனை பேரடா சாமி! எனக்குச் சிரிப்பும் வந்தது, அதைவிடப் பயமும் வந்தது. இந்த மனுசி வாய் திறந்தால் பாதிக் குருநகர் கடலுக்குள் குதிக்க வேண்டியதுதான். அவரோ ஒட்டி மீனை உமலுக்குள் போட்டுக்கொண்டு, ஒருவரையும் தெரியாதவராக நடந்து போனார். அன்றைக்குத்தான் அது திமிர் இல்லை என்று எனக்கு விளங்கியது.

என் மனுசனிடம் விஷயத்தைச் சொன்ன நாள் அவர் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டார். கலியாணத்துக்கு முதல் இரண்டு வருசம் கட்டாரில் வேலை செய்தவர். நான் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில், "ரெண்டு பேரும் சேர்ந்து போனால் சனத்துக்கு விளங்கிப்போம். நான் தனியாப் போறன், நீ வராதை" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அவருக்கென்று மிஸ்ஸி நம்பர் எழுதித் தந்திருந்த துண்டுக் கடதாசியைக் கொடுத்துவிட்டேன்.

போன அன்று மத்தியானம் திரும்பி வந்தார். "ரத்தமும் எடுத்தாச்சு, ஊசியும் போட்டாச்சு" என்றார். வாங்கில் தொப்பென்று இருந்து, நண்டுக் கறியோடு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். ஆம்பிளையளின்ரை தோல் தடிப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பின்னேரம் அவரோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் ஜெரோம் வந்தான். இன்னும் கலியாணம் கட்டாத பெடியன். ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான்.

"என்னடா தம்பி, நொண்டுறாய்?" என்று மாமி கேட்டா.

"வள்ளத்திலை சறுக்கிப்போட்டன் மாமி."

இருக்க முடியாமல் அவன் நெளிந்ததைப் பார்த்து, பாவம் என்று தலையணை எடுத்துக் கதிரையில் போட்டுக் கொடுத்தவளும் நான்தான். கோதாரி, என் புத்தியை எதால் அடிக்கிறது?

என் மூன்று ஊசியும் முடிந்தன. பயம் விட்டது. வீட்டில் பழையபடி கணவன் மனைவியாக இருந்தோம். பிள்ளை வயிற்றுக்குள் உதைக்கத் தொடங்கியிருந்தாள். ஆறு மாதம் முடிகிற நேரம் திரும்ப இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குறைந்திருக்க வேண்டிய கிருமிக் கணக்கு கூடியிருந்தது.

அன்றைக்கு அறையில் ஒரு இளம் டொக்டரும் இருந்தார். இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உங்கடை கணவருக்கு இரத்தம் சுத்தம். அவருக்கு ஊசியும் போட்டிருக்கு. அப்ப உங்களுக்குத் திரும்ப எப்பிடி வந்தது?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். கடதாசியில் என் மனுசன் சுத்தம். நான்தான் நோய்க்காரி. ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். இந்தக் கடதாசி மாமியின் கையில் கிடைத்தால் என்னைப் பிள்ளையோடு ஒழுங்கையில் விடுவா. விடுவதற்குப் பிள்ளை இருக்குமா என்பதே தெரியாது. அந்த நேரம் பார்த்து அவள் வயிற்றுக்குள் ஒரு உதை உதைத்தாள்.

"சேர், நான் கதைக்கிறன்" என்றார் மிஸ்ஸி. டொக்டர் வெளியே போனதும் கதவைச் சாத்தினார். ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றி என் பக்கம் தள்ளினார். வேறு யாரோடும் போனீரா என்று கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நான் அழுது சத்தம் போட்டுக்கொண்டு வெளியே ஓடியிருப்பேன். கேட்காதபடியால் யோசிக்க நேரம் கிடைத்தது. யோசிக்க யோசிக்க அந்தத் தலையணை என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"மிஸ்ஸி, அண்டைக்கு ஊசி போட்டிட்டு அவர் எப்பிடி நடந்து போனவர்?"

"எல்லாரையும் போலத்தான். நொண்டி நொண்டிப் போனவர்."

"என்ரை மனுசன் நொண்டேல்லை, மிஸ்ஸி. அவற்றை கூட்டாளிதான் நொண்டினவன்."

கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். அன்றுதான் முதல் தரம். என் முகத்தைவிட அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது.

"அந்தத் தம்பிக்கு ஒண்டும் ஆகேல்லையே? உயிரோடை இருக்கிறாரோ?"

"இருக்கிறான் மிஸ்ஸி. ரெண்டு நாள் நொண்டினதோடை சரி."

மேசையில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகக் கதிரையில் இருந்தார். "ஆரெண்டு தெரியாத ஒருத்தருக்கு மருந்து ஏத்தியிருக்கிறன். சோதிச்சுப்போட்டுத்தான் போட்டனான். எண்டாலும் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் இந்தக் கதிரையிலையே முடிஞ்சிருக்கும். ஆரிட்டைப் போய்ச் சொல்லியிருப்பன்? எனக்குப் பேர்கூடத் தெரியாதே." பிறகு எழும்பினார். "நாளைக்கு ரெண்டு பேரும் வரவேணும். உமக்கு முதலிலை இருந்து மூண்டு ஊசியும் போடவேணும். பிறப்புக்கு ஒரு மாசம் இருக்கேக்கை எல்லாம் முடியவேணும். இனி ஒரு கிழமைகூட வீணாக்கேலாது, விளங்குதோ?"

வீட்டுச் சுவர் மெல்லியது. கத்த முடியாது. மாமி செபமாலைக்குப் போன பிறகு, குரலை அடக்கிக்கொண்டு பேசினேன். கத்தியிருந்தால்கூட அந்த மனுசன் அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

"உன்ரை வெக்கத்துக்கு என்ரை பிள்ளையைக் கொல்லப்போறியோ?"

"அங்கை வாசலிலை நிக்கேலாமல் போச்சுதடி. தெரிஞ்ச ஒருத்தன் ரோட்டாலை போனான். ஜெரோம் ரெண்டு போத்தல் பியருக்கு என்ரை துண்டோடை உள்ளை போக ஓமெண்டான். பேர் கேக்கமாட்டினமெண்டு நீதானே சொன்னனீ?"

ஓம், நான்தான் சொன்னேன். பேர் கேட்காத இடம், பயப்படாமல் போங்கோ என்று அந்த மனுசனுக்குத் தைரியம் சொன்னவளே நான்தான். அவருக்கு நோய் இருந்ததும் எனக்கு வந்ததும்கூட அந்த நேரம் பெரிதாகப் படவில்லை. மிஸ்ஸி எங்களை நம்பி வைத்திருந்த ஒன்றை நாங்கள் களவெடுத்தது போல இருந்தது.

"நாளைக்கு நீ வராட்டில் உன்ரை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவன். கிளினிக் கடதாசியை அவவின்ரை கையிலை குடுத்து வாசிக்கச் சொல்லுவன்."

வந்தார். விடியவே சேவ் எடுத்து, பூசைக்குப் போவது போல வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மிஸ்ஸி கண்ணாடியைக் கழற்றவில்லை. நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தார்.

"நீர் ஆர்?"

அந்த அறையில் அந்தக் கேள்வி என் காதில் விழுந்ததே இல்லை. பேர், தகப்பன்ரை பேர், எவடம், அடையாள அட்டை. ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். என் மனுசன் வேர்த்து ஒழுகிக்கொண்டு பதில் சொன்னார். கடைசியில், "நான்தான் இவளின்ரை மனுசன், மிஸ்ஸி. பிள்ளையின்ரை தகப்பன்" என்றார். மிஸ்ஸி ஊசியை எடுத்தார். திரும்பிப் போகும்போது நாங்கள் இருவரும் ஓட்டோவில் ஆளுக்கொரு பக்கமாகச் சரிந்துகொண்டு போனோம். அவர் "ஆ" என்று முனகின ஒவ்வொரு தரமும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அடுத்த கிழமை போனபோது கதவில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. அடையாள அட்டை கொண்டுவர வேண்டும்.

"எங்களாலைதானே மிஸ்ஸி?"

"இல்லை. முகத்தைப் பாராமல் விட்டது நான். நடந்ததை நானே மேலிடத்துக்கு எழுதிக் குடுத்திட்டன். சரி, ஊசிக்குத் திரும்பும்."

மறைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மூன்றாவது ஊசியும் அவருடைய கையால்தான் போட்டேன். பிள்ளை பிறந்து நான் போனபோது அவர் இல்லை. விசாரணை என்றும், வன்னிப் பக்கம் மாற்றம் என்றும், தானே கேட்டுப் போனார் என்றும் மூன்று கதை சொன்னார்கள். எது உண்மையென்று யாரிடம் கேட்பது? பேர் தெரியாத ஆளை எப்படி விசாரிப்பது?

மகளுக்கு ஆறாம் மாதம் கடைசிப் பரிசோதனை. அந்த ஆறு மாதமும் நான் நித்திரை கொண்டது குறைவு. தும்மினால் பயம். கிலுக்கட்டிச் சத்தத்துக்கு ஒரு கணம் பிந்தித் திரும்பினால் காது போய்விட்டதென்று பயம். மறுமொழி எடுக்கப் போன அன்று புது மிஸ்ஸி ஒருவர் மேசையில் இருந்தார். நல்ல கலகலப்பான, சிரித்த முகம்.

"ஓ, குருநகரோ? எந்த ஒழுங்கை? ஆற்றை மருமகள் நீர்? எனக்கு அங்கை ஒரு பெரியம்மா இருக்கிறா!"

அவரில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டார். பிள்ளைக்காக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடதாசியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு ஒண்டுமில்லை. சுத்தம்" என்றார். நான் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது வாங்கில் இருந்த பொம்பிளைப் பிள்ளையைக் கண்டேன். இருபது வயதிருக்கும். சல்வாருக்கு மேலால் வயிறு கொஞ்சம் தெரிந்தது. மடியில் ஒட்டிய கடிதம். புது மிஸ்ஸி என்னிடம் விசாரித்ததெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். கடிதத்தைக் கைப்பைக்குள் திணித்தாள், எழும்பினாள், வேகமாக வாசலால் வெளியே போனாள்.

எனக்குத் தெரியும் அவள் திரும்பி வரமாட்டாள் என்று. நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன். பஸ் தரிப்பிடத்தில் பிடித்தேன்.

"தங்கச்சி, கொஞ்சம் நில்லும்."

"நான் அங்கை வரேல்லை" என்றாள். "சொந்தக்காரருக்கு மருந்து எடுக்க வந்தனான்."

தரிப்பிடத்தில் இரண்டு பொம்பிளைகள் நின்றார்கள். எனக்குத் தெரியாத முகங்கள், என்றாலும் அவர்களுக்கு என்னைத் தெரியாது என்று யார் சொல்வது? அவளுக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன். என் பெயரைச் சொன்னேன். ஒழுங்கையைச் சொன்னேன். மனுசன் செய்ததையும், இரண்டு தரமும் போட்ட ஆறு ஊசியையும் சொன்னேன்.

"நீர் ஒண்டும் சொல்லவேண்டாம். உவளை மட்டும் பாரும்" என்று மகளை நீட்டினேன்.

அவள் மகளைப் பார்த்தாள். மகள் அவளுடைய சால்வை நுனியைப் பிடித்து வாய்க்குள் வைத்தாள். மானிப்பாய் பஸ் வந்து நின்றது. அந்தப் பொம்பிளைகள் இரண்டு பேரும் ஏறினார்கள். கொண்டக்டர் எங்களைப் பார்த்து "வாறியளோ இல்லையோ?" என்று கத்தினான்.

"அக்கா," என்றாள் அவள், மெதுவாக. "ஊசி சரியா நோகுமோ?"

"நோகும்" என்றேன். "நல்லா நோகும். வாரும், போட்டு முடியுமட்டும் நான் பக்கத்திலை இருக்கிறன்."